இன்வெர்ட்டர் கட்டுப்பாட்டு முறைகள்

இன்வெர்ட்டர் கட்டுப்பாட்டு முறைகள் என்பன, நேர்திசை மின்னோட்டத்தை மாறுதிசை மின்னோட்டமாக மாற்றும் திறன் மின்னணுவியல் கருவியான இன்வெர்ட்டரின் வெளியீட்டு மின்னழுத்தம், அதிர்வெண், அலைவடிவம் ஆகியவற்றை வேண்டியவாறு அமைப்பதற்குக் கையாளப்படும் வழிமுறைகள் ஆகும். இன்வெர்ட்டரின் மின்சுற்று எளியது. சில நிலைமாற்றிகளால் ஆனது. அந்த நிலைமாற்றிகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கட்டுப்பாடே அக்கருவியின் இயல்பை முடிவு செய்கிறது. ஏறத்தாழ ஒரே வகையான மின்சுற்று, கட்டுப்பாடு மாறுவதால், மின்வெட்டின்போது வீட்டு மின்விசிறியை ஓட்டுகிறது; மின்தொடர்வண்டியின் மோட்டாரை இயக்குகிறது; கூரைமேல் உள்ள சூரியத் தகடுகளை மின்வாரியக் கம்பிகளுடன் இணைக்கிறது. சென்னையின் தென்புறநகரான தாம்பரம், அதனை அடுத்துள்ள முடிச்சூர் ஆகிய ஊர்களில் இம்மூன்று பயன்பாடுகளையும் காணலாம் என்பதால் அவையே இங்கு எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

அடிப்படை

ஒற்றைக்கட்ட இன்வெர்ட்டரில் நான்கு நிலைமாற்றிகள் ஒரு பாலம் போல அமைக்கப்பட்டிருக்கும். எதிரெதிர் மூலையில் உள்ள ஓர் இணையை மூடினால் மின்னோட்டம் ஒரு திசையிலும், மற்றோர் இணையை மூடினால் எதிர்த்திசையிலும் பாயும். இதனை நொடிக்கு 50 சுற்றுகளாகச் செய்தால் 50 எர்ட்சு மாறுதிசை மின்சாரம் கிடைக்கும். தொடக்கக் காலத்தில் பாதரச வில் குழாய்களும், 1960கள் முதல் தைரிஸ்டர்களும் இப்பணியைச் செய்தன. இன்று சிறிய கருவிகளில் மாஸ்ஃபெட்டுகளும், பெரியவற்றில் ஐ.ஜி.பி.டி. எனப்படும் திரான்சிஸ்டர்களும் பயன்படுகின்றன.

பாலத்தின் ஒரே புயத்தில் மேலும் கீழும் உள்ள இரு நிலைமாற்றிகள் ஒரு கணமும் சேர்ந்து மூடியிருக்கக் கூடாது. அவ்வாறு மூடினால் நேர்திசை மூலம் குறுக்குச்சுற்றாகி, நிலைமாற்றிகள் வெடித்துவிடும். எனவே ஒன்றைத் திறந்தபின் மற்றதை மூடுமுன் சில மைக்ரோநொடிகள் இரண்டும் திறந்தே வைக்கப்படுகின்றன. இது செயலற்ற நேரம் எனப்படும். இந்தச் சிறு இடைவெளி அலைவடிவத்தைச் சற்றுச் சிதைக்கும். அதை ஈடுசெய்வதும் கட்டுப்பாட்டின் வேலைகளுள் ஒன்று.

சதுர அலையும் அதன் குறைகளும்

தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் ஏற்பட்ட மின்பற்றாக்குறை 2012இல் உச்சத்தை எட்டியது. சென்னையில் நாள்தோறும் இரண்டு மணி நேரமும், பிற மாவட்டங்களில் அதனினும் பல மணி நேரம் கூடுதலாகவும் மின்வெட்டு நிலவியது. இன்வெர்ட்டர் என்னும் சொல் வீட்டுப் புழக்கத்திற்குப் பரவலாக வந்தது அந்த ஆண்டுகளில்தான். அன்று விற்கப்பட்ட மலிவான கருவிகளுள் பல சதுர அலை வகையைச் சேர்ந்தவை. அவற்றில் ஓடும் மின்விசிறி ஒருவித இரைச்சலுடன் சுழன்றதைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். அந்த இரைச்சலுக்கான காரணம் கணக்கில் அடங்கியுள்ளது.

சதுர அலை என்பது 50 எர்ட்சு சைன் அலையும், அதன் ஒற்றைப்படை மடங்குகளான 150, 250, 350 எர்ட்சு முதலிய அலைகளும் சேர்ந்த கலவை ஆகும். இம்மடங்கு அலைகள் சீரிசைகள் எனப்படும். மூன்றாம் சீரிசையின் வீச்சு அடிப்படை அலையின் வீச்சில் மூன்றில் ஒரு பங்கு. ஐந்தாவதன் வீச்சு ஐந்தில் ஒரு பங்கு. இவை மோட்டாரைச் சுழற்றப் பயன்படுவதில்லை; அதனை அதிரச் செய்யவும் சூடேற்றவும் மட்டுமே பயன்படுகின்றன. மேலும் 230 வோல்ட் சைன் அலையின் உச்சம் 325 வோல்ட் ஆகும். 230 வோல்ட் சதுர அலையின் உச்சமோ அதே 230 வோல்ட்தான். கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றின் மின்வழங்கிகள் உச்ச மின்னழுத்தத்தைக் கொண்டு தம் மின்தேக்கிகளை நிரப்புபவை ஆதலால், அவற்றுக்குச் சதுர அலை போதாமல் போகலாம்.

இதற்குத் தீர்வாக வந்தது பாதிச் சதுர அலை ஆகும். கடைகளில் இதனை 'மாற்றியமைத்த சைன் அலை' என்று விற்றனர். இதில் சைன் அலை எதுவும் இல்லை. ஓர் அரைச்சுற்றின் 180 பாகையிலும் மின்னழுத்தம் தராமல், நடுவில் ஒரு பகுதிக்கு மட்டும் தருவது இம்முறை. துடிப்பை 120 பாகைக்கு நீடிக்கச் செய்தால் மூன்றாம் சீரிசை முற்றிலும் மறைந்துவிடுகிறது. ஆனால் துடிப்பின் உயரம் 325 வோல்ட்டாகவும் பயனுறு மதிப்பு 230 வோல்ட்டாகவும் ஒருங்கே அமைய வேண்டுமானால் துடிப்பு 90 பாகைக்கு மட்டுமே நீடிக்க வேண்டும். அப்போது மூன்றாம் சீரிசை பழையபடி மூன்றில் ஒரு பங்காக நிற்கிறது. மின்விசிறிக்கு நல்லது 120, கணினிக்கு நல்லது 90. இரண்டையும் ஒருங்கே தர இம்முறையால் இயலாது. மின்கலத்தின் அழுத்தம் குறையக் குறையத் துடிப்பை அகலமாக்கிப் பயனுறு மதிப்பைக் காக்கலாம் என்பது இதன் மற்றொரு பயன்.

துடிப்பு அகலப் பண்பேற்றம்

அரைச்சுற்றுக்கு ஒரு துடிப்பு என்பதற்குப் பதிலாக நூற்றுக்கணக்கான மெல்லிய துடிப்புகளைத் தந்து, அவற்றின் அகலத்தைச் சைன் அலையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மாற்றுவது துடிப்பு அகலப் பண்பேற்றம் ஆகும். வேண்டிய சைன் அலை ஒன்றும், விரைவான முக்கோண அலை ஒன்றும் ஒப்பிடப்படுகின்றன. சைன் அலை மேலே இருக்கும்போது மேல் நிலைமாற்றியும், கீழே இருக்கும்போது கீழ் நிலைமாற்றியும் மூடப்படும். 1964இல் பிரௌன் போவெரி நிறுவனத்தைச் சேர்ந்த சோனுங், சுடெம்லர் ஆகியோர் மோட்டார் கட்டுப்பாட்டுக்கு இம்முறையை விளக்கி எழுதினர்.

இதனால் சீரிசைகள் அழிந்துவிடுவதில்லை. முக்கோண அலையின் அதிர்வெண்ணுக்கு அருகே, அதாவது பல ஆயிரம் எர்ட்சுகளுக்குத் துரத்தப்படுகின்றன. 150 எர்ட்சு சீரிசையை வடிகட்டப் பெரிய கனமான மின்தூண்டி தேவைப்படும். 20,000 எர்ட்சு சீரிசையை உள்ளங்கையில் அடங்கும் மின்தூண்டியும் ஒரு மின்தேக்கியும் வடிகட்டிவிடும். மனிதச் செவிக்கும் அது எட்டாது. ஆயினும் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் நிலைமாற்றியில் சிறிது ஆற்றல் வெப்பமாக வீணாவதால், அதிர்வெண்ணை விருப்பம்போல் உயர்த்திக்கொண்டே போக முடியாது. சில நூறு வாட் கருவியில் 20,000 எர்ட்சு எளிது. பல நூறு கிலோவாட் இழுவை இன்வெர்ட்டரில் ஓராயிரத்தை ஒட்டியே நிற்க நேரிடும்.

மூன்று கட்ட இன்வெர்ட்டரில் ஆறு நிலைமாற்றிகள் உண்டு. இவை எடுக்கக்கூடிய நிலைகள் எட்டு. அவற்றுள் ஆறு மின்னழுத்தம் தருபவை, இரண்டு சுழி நிலைகள். இந்த எட்டையும் ஒரு தளத்தில் திசையன்களாக வரைந்து, வேண்டிய திசையனை அருகில் உள்ள இரண்டையும் சுழியையும் கலந்து உருவாக்குவது வெளித் திசையன் பண்பேற்றம் ஆகும். எளிய சைன் ஒப்பீட்டைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதல் மின்னழுத்தத்தை அதே நேர்திசை மூலத்திலிருந்து இது பெற்றுத் தருகிறது. கணக்கீடு கூடுதல் என்றாலும், நுண்செயலிகள் மலிவானபின் அது ஒரு தடையாக இல்லை.

தாம்பரம் மின்தொடர்வண்டி

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான மீட்டர் பாதை 1931இல் தென்னிந்திய இரயில்வேயால் 1500 வோல்ட் நேர்திசை மின்சாரத்தில் மின்மயமாக்கப்பட்டது. அக்காலத்தில் நேர்திசையைத் தேர்ந்தமைக்குக் காரணம் மோட்டாரே. தொடர்ச்சுற்று நேர்திசை மோட்டார் நின்ற நிலையிலிருந்து பெரும் திருப்பு விசையுடன் கிளம்பவல்லது. அதன் வேகத்தை மின்தடைகளைச் சேர்த்தும் நீக்கியும் கட்டுப்படுத்த முடிந்தது. அந்தத் தடைகளில் ஆற்றல் வெப்பமாக வீணானது. மோட்டாரின் திசைமாற்றியும் தூரிகைகளும் தேய்ந்துகொண்டே இருந்தன. (நேர்திசை மோட்டாரின் திசைமாற்றி, சுருளுக்குள் செல்லும் மின்னோட்டத்தின் திசையை மாற்றிமாற்றித் தரும் ஒரு பொறிமுறை இன்வெர்ட்டரே எனலாம்.) 1960களின் பிற்பகுதியில் இப்பாதை 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு மாற்றப்பட்டது. ஆனால் வண்டிக்குள் இருந்த மோட்டார்கள் நேர்திசை மோட்டார்களாகவே நீடித்தன. மீட்டர் பாதைச் சேவை 2004ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது.

மூன்று கட்டத் தூண்டல் மோட்டாருக்குத் தூரிகையோ திசைமாற்றியோ தேவையில்லை. ஆனால் அதன் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சார்ந்தது. நான்கு முனை மோட்டார் 50 எர்ட்சில் நிமிடத்துக்கு 1500 சுற்றுகளுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும்; வேறு வேகம் வேண்டுமானால் வேறு அதிர்வெண் வேண்டும். எனவே மூன்று கட்ட மின்தொடர்வண்டிகளில் மேல்கம்பியின் மாறுதிசை மின்சாரம் மின்மாற்றியால் குறைக்கப்பட்டு, நேர்திசையாக்கப்பட்டு, மீண்டும் இன்வெர்ட்டரால் வேண்டிய அதிர்வெண்ணுள்ள மூன்று கட்ட மாறுதிசையாக்கப்படுகிறது. பெரம்பூரில் உள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை இத்தகைய வண்டிகளைத் தயாரிக்கிறது. 2025 ஏப்ரலில் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு வழித்தடத்தில் ஓடத் தொடங்கிய குளிரூட்டப்பட்ட புறநகர் வண்டியும் இவ்வகையைச் சேர்ந்தது.

இங்குக் கையாளப்படும் எளிய முறை, மின்னழுத்தத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள விகிதத்தை மாறாமல் வைப்பது ஆகும். மோட்டாரின் காந்தப்பாயம் அவ்விகிதத்தைச் சார்ந்தது. அதிர்வெண்ணை மட்டும் குறைத்து மின்னழுத்தத்தை அப்படியே விட்டால் இரும்பு உள்ளகம் தெவிட்டி, மின்னோட்டம் அளவின்றி உயரும். இம்முறை நீரேற்றி, காற்றூதி போன்றவற்றுக்குப் போதுமானது. நிற்கும் வண்டியை நிறைந்த பயணிகளுடன் கிளப்ப இது போதாது. 1970களின் தொடக்கத்தில் செருமனியின் பிளாசுகே முன்வைத்த புலத்திசைக் கட்டுப்பாட்டில், மோட்டாரின் மூன்று மின்னோட்டங்களும் சுழலும் அச்சு ஒன்றின்மேல் இரு கூறுகளாகப் பிரிக்கப்படுகின்றன: காந்தப்பாயத்தை உண்டாக்கும் கூறு ஒன்று, திருப்பு விசையை உண்டாக்கும் கூறு மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தலாம். இதனால் தூண்டல் மோட்டார் பழைய நேர்திசை மோட்டாரைப் போலவே பணிந்து நடக்கிறது. 1980களின் நடுவில் சப்பானில் தக்காகாசியும் நொகுச்சியும், செருமனியில் டெப்பன்பிராக்கும் முன்வைத்த நேரடித் திருப்பு விசைக் கட்டுப்பாடு, பண்பேற்றத்தை இடையில் வைக்காமல், பாயமும் திருப்பு விசையும் எல்லையைத் தாண்டும்தோறும் எட்டு நிலைகளுள் பொருத்தமான ஒன்றை அட்டவணையிலிருந்து நேராகத் தெரிவு செய்கிறது.

வேகம் கூடும்போது அரைச்சுற்றுக்கு உரிய துடிப்புகளின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, இறுதியில் முழு மின்னழுத்தத்தையும் பெறும்பொருட்டுச் சதுர அலை போன்ற ஆறுபடி அலைக்கே இன்வெர்ட்டர் சென்றுவிடுவதும் உண்டு. மூன்று கட்ட வண்டி கிளம்பும்போது நடைமேடையில் கேட்கும், சுருதி மாறிமாறி ஏறும் ஓசை இந்த மாற்றங்களின் ஓசையே. நிறுத்தத்தை நெருங்கும்போது இன்வெர்ட்டர் மோட்டாரின் சுழற்சியைவிடச் சற்றுக் குறைந்த அதிர்வெண்ணைத் தருகிறது. உடனே மோட்டார் மின்னாக்கியாக மாறி, வண்டியின் இயக்க ஆற்றலை மேல்கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறது.

பின்னூட்டம்

தனித்து இயங்கும் இன்வெர்ட்டரில் பொதுவாக இரு வளையங்கள் உண்டு. உள்வளையம் மின்னோட்டத்தை விரைந்து கட்டுப்படுத்தும். வெளிவளையம் மின்னழுத்தத்தை அளந்து, எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று உள்வளையத்துக்குக் கூறும். குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் திடீரெனக் கிளம்பும்போது விளக்கு மங்காமல் இருப்பதும், நிலைமாற்றிகள் கருகாமல் இருப்பதும் உள்வளையத்தின் விரைவைப் பொறுத்தவை. தயக்கப்பட்டைக் கட்டுப்பாடு, முன்கணிப்புக் கட்டுப்பாடு முதலிய வேறு முறைகளும் உள்ளன.

வலையமைப்பைப் பின்தொடரும் இன்வெர்ட்டர்

தமிழ்நாடு அரசு 2012இல் சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. நடுவண் அரசின் கூரைச் சூரியத் திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது. இவற்றால் வீட்டுக் கூரைகளில் பரவும் இன்வெர்ட்டர் மின்வெட்டுக் கால இன்வெர்ட்டரிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. அது தானாக மின்னழுத்தத்தை உருவாக்குவதில்லை. கட்டப் பூட்டு வளையம் என்னும் பகுதி மின்வாரியக் கம்பியில் உள்ள அலையைக் கண்காணித்து, அதன் கட்டத்தையும் அதிர்வெண்ணையும் கணக்கிடும். இன்வெர்ட்டர் அதற்கு ஒத்திசைந்து மின்னோட்டத்தைச் செலுத்தும். 2013 திசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் வழியாகத் தென்மண்டல வலையமைப்பு நாட்டின் பிற பகுதிகளுடன் ஒத்திசைக்கப்பட்டதால், முடிச்சூர் வீடொன்றின் இன்வெர்ட்டர் பின்தொடரும் அதிர்வெண் இந்தியா முழுமைக்கும் உரிய அதே அதிர்வெண் ஆகும். மற்றொரு வளையம், தகட்டின் மின்னழுத்தத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும் பார்த்து, மிகுந்த திறன் கிடைக்கும் புள்ளியைத் தேடிக்கொண்டே இருக்கும்.

அடையாற்றை ஒட்டிய தாழ்நிலமான முடிச்சூர், 2015 திசம்பர் வெள்ளத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. திசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. வெள்ளம் சூழ்ந்த பகுதிகளில் பாதுகாப்புக் கருதி மின்வழங்கல் நிறுத்தப்பட்டது. 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் இப்பகுதி நீரில் மூழ்கியது. இத்தகைய நாட்களில், மழை விட்டு வெயில் அடித்தாலும், மின்கலம் இல்லாத கூரைச் சூரிய அமைப்பு ஒரு விளக்கைக்கூட எரிக்காது. இதைப் பழுது என்று கருதுவோர் உண்டு. இது பழுதன்று, கட்டுப்பாட்டில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட விதி.

காரணம் இது: தெருவின் மின்மாற்றி 11,000 வோல்ட்டை வீட்டுக்குரிய மின்னழுத்தமாகக் குறைக்கிறது. அதே மின்மாற்றி எதிர்த்திசையிலும் இயங்கும். மின்வாரியம் வழங்கலை நிறுத்தியபின் வீட்டு இன்வெர்ட்டர்கள் கம்பிக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்தால், மின்மாற்றியின் மறுபுறம் மீண்டும் 11,000 வோல்ட் தோன்றலாம். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் கம்பியாளரின் உயிர் அங்குப் போகும். வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு பகுதி இவ்வாறு தனியே மின்னூட்டத்துடன் இருப்பது தீவாதல் எனப்படும். எதிர்பாராமல் தீவு உருவானால் 2 நொடிகளுக்குள் மின்சாரம் தருவதை நிறுத்த வேண்டும் என்று நடுவண் மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன.

தீவாதலைக் கண்டறிவது தோன்றும் அளவுக்கு எளிதன்று. உற்பத்தியும் அப்பகுதியின் நுகர்வும் சமமாக இல்லாவிடில் மின்னழுத்தமோ அதிர்வெண்ணோ உடனே விலகும். அதனைக் கண்டு நிறுத்திவிடலாம். இரண்டும் தற்செயலாகச் சமமாக இருந்தால் எதுவும் மாறாது. இன்வெர்ட்டர் தன் நிழலையே பின்தொடர்ந்துகொண்டிருக்கும். எனவே இன்வெர்ட்டர் அவ்வப்போது அதிர்வெண்ணை மிகச் சிறிய அளவில் தள்ளிப் பார்க்கிறது. மறுமுனையில் நாட்டின் வலையமைப்பு இருந்தால் அது அசையாது. அசைந்தால் மறுமுனையில் யாரும் இல்லை என்று பொருள்.

விதியை எல்லாக் கருவிகளிலும் ஒரே எண்ணாக எழுதிவிடுவதிலும் இடர் உண்டு. செருமனியில் கூரைச் சூரிய இன்வெர்ட்டர்கள் அனைத்தும் 50.2 எர்ட்சைத் தொட்டவுடன் நின்றுவிடுமாறு அமைக்கப்பட்டிருந்தன. சில ஆயிரம் வீடுகள் இருந்தவரை இதனால் தீங்கில்லை. எண்ணிக்கை பெருகியபின், அதிர்வெண் ஒருமுறை அந்த எல்லையைத் தொட்டால் பல ஆயிரம் மெகாவாட் ஒரே கணத்தில் மறைந்துவிடும் என்பது உணரப்பட்டது. 2012இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் திருத்தப்பட வேண்டியதாயின. எல்லையில் சட்டென நிற்பதற்குப் பதிலாக, அதிர்வெண் உயர உயர உற்பத்தியைப் படிப்படியாகக் குறைப்பது இன்று வழக்கமாகியுள்ளது.

வலையமைப்பை உருவாக்கும் இன்வெர்ட்டர்

பின்தொடர ஓர் அலை இல்லாத இடத்தில் தானே அலையை நிறுவும் கட்டுப்பாடு இதற்கு மறுதலை ஆகும். ஒரே ஒரு கருவி இருந்தால் இது எளிது. இரண்டு கருவிகள் ஒரே கம்பியில் தத்தம் அலையை நிறுவ முயன்றால், மிகச் சிறிய கட்ட வேறுபாடும் அவற்றினிடையே பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சும். நீராவிச் சுழலிகளின் வேக ஆளுகையிலிருந்து கடன் பெறப்பட்ட சரிவுக் கட்டுப்பாடு இதற்கு வழி செய்கிறது: சுமை கூடும்தோறும் ஒவ்வோர் இன்வெர்ட்டரும் தன் அதிர்வெண்ணைச் சிறிது தாழ்த்திக்கொள்ளும். சந்தோர்கர், திவான், அடப்பா ஆகியோர் 1993இல் இணை இன்வெர்ட்டர்களுக்கு இதனை விளக்கினர்.

எடுத்துக்காட்டாக, 1 கிலோவாட், 2 கிலோவாட் திறனுள்ள இரு கருவிகள் வெற்றுநிலையில் 50 எர்ட்சிலும் முழுச்சுமையில் 49.5 எர்ட்சிலும் இயங்குமாறு அமைந்துள்ளன என்க. 1.5 கிலோவாட் சுமையை இணைத்தால் இரண்டும் 49.75 எர்ட்சில் நிலைகொள்ளும், முதலாவது 0.5 கிலோவாட்டும், இரண்டாவது 1 கிலோவாட்டும் சுமக்கும். இவற்றினிடையே செய்திக் கம்பி எதுவும் தேவையில்லை; அதிர்வெண்ணே செய்தியாகிறது. வீட்டுக் கம்பிகளில் மின்தடை மிகுதி என்பதால் திறனும் மின்னழுத்தமும் பின்னிக்கொள்வது இம்முறையின் சிக்கல்.

கனமான சுழலிகள் குறைந்து சூரிய, காற்று ஆற்றல் மிகும் வலையமைப்புகளில் இக்கட்டுப்பாட்டின் தேவை வளர்ந்து வருகிறது. தெற்கு ஆத்திரேலியாவின் ஆர்ன்சுடேல் மின்கலத் தொகுதி, சுழலும் எந்திரத்தின் சடத்துவத்தைப் போலச் செயல்படுமாறு 2022இல் கட்டுப்பாடு மாற்றப்பட்டது.

இன்வெர்ட்டரைத் தவிர்க்கும் முயற்சிகளும் உள்ளன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் சுன்சுன்வாலாவின் குழு, சூரியத் தகடு, மின்கலம், விளக்கு ஆகியவற்றை 48 வோல்ட் நேர்திசையிலேயே இணைக்கும் வீட்டு அமைப்பை உருவாக்கியது. ஆயினும் அதில் ஓடும் தூரிகையற்ற மின்விசிறியின் குமிழுக்குள் ஒரு சிறு மூன்று கட்ட இன்வெர்ட்டர் இருக்கவே செய்கிறது.

கலப்பு இன்வெர்ட்டர்

மின்கலமும் சூரியத் தகடும் இணைந்த கலப்பு இன்வெர்ட்டர் இரு கட்டுப்பாடுகளையும் மாறிமாறிக் கையாளுகிறது. மின்வாரிய வழங்கல் உள்ளபோது அது பின்தொடரும். வழங்கல் நின்றவுடன் முதலில் ஓர் உணர்த்தி நிலைமாற்றியால் வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து பிரித்துவிட்டு, அதன்பின் தானே அலையை நிறுவும். இந்த வரிசை தலைகீழாகக் கூடாது. வீடு தனித்திருக்கையில் மின்கலம் நிரம்பிவிட்டால், கலப்பு இன்வெர்ட்டர் வீட்டு அதிர்வெண்ணை வேண்டுமென்றே உயர்த்தும். அதே வீட்டில் உள்ள தனிச் சூரிய இன்வெர்ட்டர் அதைக் கண்டு தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். தெருவில் மின்சாரம் திரும்பியபின், அது நிலைத்துள்ளதா எனக் குறைந்தது 60 நொடிகள் பார்த்து, வீட்டு அலையை மெல்ல நகர்த்தித் தெரு அலையுடன் கட்டம் பொருந்தச் செய்து, பின்னரே நிலைமாற்றி மூடப்படும்.